பாதியாகாத பொன்

மகள்,

நாளைக்குப் பெரியம்மா உன்னை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். பஸ் காலை பத்து மணிக்கு. கந்தளாய், ஹபரணை என்று சுற்றிப் போகும். பாதி வழியில் உனக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால் முகர்ந்துகொள்ள இரண்டு தேசிக்காயை உன் சட்டைப் பெட்டிக்குள் மேலாக வைத்திருக்கிறேன். இப்போது நீ பக்கத்து வீட்டுச் சுலைகா ராத்தாவின் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாய், சத்தம் கேட்கிறது. உனக்கு ஐந்து வயது. இதை நீ வாசிக்கும்போது இருபத்தேழு வயதாக இருக்கும். அதற்கு முதல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். இருபத்தேழுக்கு வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் அம்மா யோகம் போன மாதம் இறந்தபோது அவருக்கு அதுதான் வயது. அதற்குக் குறைந்த வயதில் வாசித்தால் நீ அவரைப் பெரிய மனுசியாக நினைத்துக்கொள்வாய். அவர் பெரிய மனுசி இல்லை. பகிடி விடுகிற, கோபம் வந்தால் குசினிக் கதவை அடித்துச் சாத்துகிற ஓர் இளம்பெண்.

முந்தாநாள் சுலைகா ராத்தா வேலியடிக்கு என்னைக் கூப்பிட்டார். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து இந்தப் பாலையூற்றுக்கு வந்தவர். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் உனக்குச் சோறு தீத்தியதும் தலை வாரிவிட்டதும் அவர்தான்.

“தம்பி, உங்கட மகள் என்ட சின்னவக்கிட்ட ஒரு கதை சொல்லிச்சு. கேட்டு எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல.”

“என்ன கதை ராத்தா?”

“‘எங்கட அம்மாக்கு என்னைப் பிடிக்காது, கிட்டப் போனா போ எண்டு தள்ளுவா’ண்டு. அழுதாலும் பரவால்ல தம்பி. அழல்ல. சும்மா ஊர்க்கதை சொல்ற மாதிரிச் சொல்லிச்சு.”

அதனால் எழுதுகிறேன். நீ சொன்னது பொய். ஆனால் நீ பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாய். அந்தக் காட்சியை உண்டாக்கிக் கொடுத்தவன் நான். எப்படி உண்டாக்கினேன் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்லாவிட்டால் உனக்கு விளங்காது, ஆகையால் கொஞ்சம் பொறுமையாக வாசி. எனக்கு அழகாக எழுத வராது. ஆலையில் அறிக்கை எழுதிப் பழகிய கை இது.

நான் சீனன்குடாவில் மணல் ஆலையில் ஆய்வுகூட உதவியாளன். வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டினால் துறைமுகத் தண்ணீருக்கு முன்னால் எங்கள் தகரக்கூரை தெரியும். புல்மோட்டைக் கரையிலிருந்து கறுப்பு மணல் வரும். காந்தம் பிடிப்பதைக் காந்தத்தாலும் பிடிக்காததை மின்சாரத்தாலும் பிரிப்போம். பிரித்ததெல்லாம் கப்பலில் போகும். போகாமல் மிஞ்சுகிற கழிவு மணல் ஒன்று உண்டு. தேன் நிறம், நல்ல பாரம். அதற்குள் கதிர்வீசுகிற சரக்கு இருக்கிறது. ஆபத்தென்று சொல்லுமளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது. அதை அளப்பதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு மீற்றர் வைத்திருக்கிறோம். கதிர் பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும் பெட்டி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான்: மணலை அளக்க முதல் வெறுந்தட்டை அள. மணல் இல்லாத தட்டு எத்தனை டிக் சொல்கிறதோ அதைக் கழித்தால்தான் மணலின் கணக்கு வரும். ஆறு வருடம் ஒவ்வொரு நாளும் அதைச் செய்தேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அம்மாவின் வயிறு முதலில் வீங்கியபோது நாங்கள் உனக்கொரு தம்பி வருகிறான் என்று நினைத்தோம். அவர் மாங்காய் கூடக் கேட்டார். பிறகு பெரியாஸ்பத்திரியில் பார்த்து, வயிற்றுக்குள் தண்ணீர் கட்டுகிறது, சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள். ஒரு பக்கம் சரிந்து படுத்தால் வயிற்றுப் பாரம் இழுத்து அவரைப் பிரட்டிவிடும். முதுகுக்கும் முழங்காலுக்கும் மணல் மூட்டை அண்டக்கொடுத்து வையுங்கள் என்று ஒரு நேர்ஸ் சொன்னார். சாதாரண மணல் என்றால் பெரிய மூட்டை வேண்டும், கட்டிலில் இடமிராது. ஆலை மணல் என்றால் சின்ன மூட்டை போதும் என்று எனக்கு மூளை வேலை செய்தது. என் பழைய காக்கிக் காற்சட்டையின் இரண்டு காலையும் வெட்டித் தைத்தேன். கறுப்பு மணல் விற்கிற சரக்கு, அதில் ஒரு பிடி எடுத்தாலும் களவு. கழிவுக் குவியலை ஒருவரும் கேட்பதில்லை. கள்ளன் என்ற பெயர் வரக்கூடாதென்று கழிவில் அள்ளினேன். அந்த நேரம் பொன்னைப் பற்றியோ கதிரைப் பற்றியோ வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. மகள், என் நேர்மையைப் பற்றி உனக்கு யாராவது சொன்னால் இந்த இடத்தை நினைத்துக்கொள்.

வெயிலில் கிடந்த மணல், கொண்டுவரும்போது சூடாக இருந்தது. முதுகோடு வைத்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“ஐயோ, பூனை வந்து ஒட்டிக்கொண்டு படுத்த மாதிரிக் கிடக்கு.”

அன்றிலிருந்து அவை பூனைகள். முதுகுக்கு மூத்த பூனை, முழங்காலுக்கு இளைய பூனை. “மூத்தவர் சறுக்கிப் போறார், ஒருக்காத் தள்ளி விடுங்கோ” என்பார். நீ கிட்டப் போய் மூட்டையைத் தடவி மியாவ் என்பாய். சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து பால் என்று வைப்பாய். மூன்று மாதம் அந்த வீட்டில் ஒருவரும் மணல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துத் தினமும் கூப்பிட்டால் பழைய பெயர் மனதிலிருந்து போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. தொழில்நுட்பக் கல்லூரியில் அதைச் சொல்லித்தரவில்லை.

பிறகு கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் பொன். ஊரில் எல்லோரும் “கரண்ட் பிடிக்கக் கொண்டுபோட்டினம்” என்றுதான் சொன்னார்கள். இந்த நோய்க்குக் கதிர் வைப்பதற்கு நம்மவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. நான் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினேன். கரண்ட் இல்லை, பொன். பொன்னை அணு உலையில் வைத்துக் கதிர்வீச வைத்து, மிகமிக நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் கலந்திருப்பார்கள். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அந்தத் துகள்கள் ஆயிரத்துக்கு மேல் வரிசையில் நிற்கும். அவ்வளவு சின்னது என்பதால் அடியில் இறங்காமல் தண்ணீரோடு தண்ணீராக நிற்கும். இரண்டே முக்கால் நாளுக்குள் அதன் வீரியம் பாதியாகும், அடுத்த இரண்டே முக்கால் நாளில் பாதியில் பாதி. அதனால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில், ஈயக் குடுவைக்குள் வரும். விமானம் பிந்தினால் பொன் தேய்ந்துவிடும்.

முதலில் படம் எடுக்கக் கொஞ்சப் பொன்னை நரம்பில் ஏற்றினார்கள். ஈரல் அந்தத் துகள்களை விழுங்கிக்கொள்ளும். மேலே ஒரு இயந்திரம் வயலுழுவதுபோல இப்படியும் அப்படியும் போய், பொன் இருக்கிற இடமெல்லாம் தாளில் புள்ளி குத்தும். நோய் பிடித்த இடம் பொன்னை எடுக்காது. அங்கே தாள் வெள்ளையாக விடுபட்டுக் கிடக்கும். டொக்டர் தாளைத் தூக்கிப் பிடித்து, பொன் போகாத இந்த இரண்டு இடமும்தான் பழுது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா தாளை வாங்கிப் பார்த்தார்.

“பொன் போடாத இடமெல்லாம் பழுது எண்டுறார். உங்கட அம்மாவும் கலியாணத்தண்டு என்ர கையையும் கழுத்தையும் பாத்து இதைத்தான் சொன்னவ. அவவைக் கொண்டந்து இஞ்ச டொக்டரா விட்டிருக்கலாம்.”

அதை நான் டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னார். வயிற்றுக்குள் கூடுதலான பொன்னை விடப்போகிறோம், அது தண்ணீர் கட்டுவதைக் குறைக்கும், நோயை மாற்றாது, சில மாதங்கள்தான் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். “என்னவாம்?” “சுகமாகுமாம்,” என்றேன். இது என் முதல் பிழை என்று நினைக்காதே. முதல் பெரிய பிழை.

வைத்தியத்துக்குக் கொண்டுவந்த பொன் நாவற்பழச் சாறுபோல ஊதாச் சிவப்பாக இருந்தது. “இதுவோ தங்கம்? ஏமாத்திப்போட்டாங்களப்பா” என்றார். அது வயிறெங்கும் பரவவேண்டுமென்று கால்மணித்தியாலத்துக்கு ஒருதடவை அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். ஈயத் தட்டிக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டித் திருப்பினார்கள். நான் வாட்டு வாசலில் நின்றேன். “தோசை பிரட்டுறாங்கள்!” என்று அங்கிருந்து கத்தினார். ஒன்பதாம் நாள் டொக்டர் தன் மீற்றரால் அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னும் இரண்டு கிழமைக்கு மடியில் வைத்திருக்க வேண்டாம், பிறகு ஒரு தடையும் இல்லை, பிறகு அவர் வேண்டியமட்டும் வைத்திருக்கட்டும் என்றார். “வேண்டியமட்டும்” என்று அவர் அழுத்திச் சொன்னதை நான் கேட்டேன். ஏன் அழுத்தினார் என்பதும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அறை வாசலில் சோக்கால் ஒரு கோடு போட்டேன். நீ கோட்டுக்கு வெளியே இருந்து கதைக்கலாம், உள்ளே வரக்கூடாது. நீ கோட்டில் பெருவிரலை முட்டவைத்துக்கொண்டு இருப்பாய். “அம்மா, பூனை சாப்பிட்டதோ?” “ஓம் குஞ்சு, இப்பதான் மீன்தலை திண்டது.” அம்மா நாட்களை எண்ணினார். சுவரில் கரித்துண்டால் கோடிழுத்தார். பதினான்காம் நாள் காலையில் சுலைகா ராத்தாவைக் கூப்பிட்டுத் தலை வாருவித்து, படுக்கை விரிப்பைத் துவைத்ததாக மாற்றுவித்து, நீலச் சேலையைக் கட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். உன்னை வெளியே குளிப்பாட்டிப் பவுடர் போட்டு நிறுத்தியிருந்தோம். அம்மா சேலைத் தலைப்பை உதறி மடியில் விரித்துவைத்தார்.

நான் முதல்நாள் ஆலையிலிருந்து மீற்றரைக் கொண்டுவந்திருந்தேன். கேட்காமல்தான் கொண்டுவந்தேன். டொக்டர் சொன்னது போதும் என்று விட்டிருக்கலாம். சுலைகா ராத்தாவின் புருசன் கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைத் தோணியைத் தள்ளுகிறவர்; அந்த இடத்தில் அவர் நின்றிருந்தால் டொக்டர் சொன்ன நாளை எண்ணி, பிள்ளையைத் தூக்கித் தாயின் மடியில் வைத்திருப்பார். நான் படித்தவன். சரிபார்க்க வேண்டும்.

வாசலில் அளந்தேன். டிக். கொஞ்சம் பொறுத்து டிக். வெறுந்தட்டுக் கணக்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன். கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தகரத்தில் மழை விழுவதுபோலப் பொழிந்தது. திரும்பவும் வாசல், திரும்பவும் கட்டில். பிழையில்லை.

“என்ன?” என்றார் அம்மா. மடி விரித்தபடியே இருந்தது.

“இன்னும் கிடக்கு. கொஞ்ச நாள் பொறும்.”

“டொக்டர் இண்டைக்கு எண்டல்லோ சொன்னவர்?”

“டொக்டர் வந்து அளக்கேல்லை. நான் அளந்தனான்.”

அவர் சேலைத் தலைப்பைத் திருப்பி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உன்னைச் சுலைகா ராத்தா தூக்கிக்கொண்டு போனார். நீ பவுடர் முகத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

ஒவ்வொரு காலையும் அளந்தேன். “இண்டைக்குக் காட்டுதோ?” என்று காய்ச்சல் கேட்பதுபோல அம்மா கேட்பார். காட்டியது. குறையவில்லை. மூன்று நாளைக்குள் பாதியாக வேண்டிய பொன் மூன்று நாளானாலும் ஆறு நாளானாலும் அதே கணக்கைச் சொன்னது. பாதியாகாத பொன் உலகத்தில் இல்லை, மகள். அதைக் கண்டதுமே ஏதோ பிழை என்று ஒரு மாணவன்கூடச் சொல்லியிருப்பான். நான் காரணம் கண்டுபிடித்தேன். பொன்னோடு வேறேதோ கலந்து வந்துவிட்டது, ஓரிடத்தில் கட்டிபட்டுவிட்டது, அளவுக்கு மேல் விட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். விளங்காதவன் என்று நினைத்துவிடுவார் என்று எழுதவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த அறைக்குள் எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. நோவுக்கு ஊசி போட நேர்ஸ் வருவார், தலை வார ராத்தா வருவார். எனக்கு மீற்றர் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக இருந்தது. அவரைக் காப்பாற்ற ஏலாது என்று எனக்குத் தெரிந்திருந்தது அல்லவா.

ராத்தா ஒருநாள் என்னைக் குசினிக்குள் மறித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க படிச்ச ஆள், எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தாய்ட கண்ணப் பாத்தீங்களா? ஒருக்காக் குடுங்க. ஒரு நிமிசம். தாய்க்குப் புள்ள நஞ்சா, புள்ளைக்குத் தாய் நஞ்சா?”

“ராத்தா, உங்களுக்கு விளங்காது. கண்ணுக்குத் தெரியாத சாமான்.”

“தெரியாது தம்பி. தெரியிறதப் பாத்துத்தான் சொல்றன்.”

நீ கண்ட காட்சி அதற்குப் பிறகு இரண்டு நாளில் நடந்தது. நான் கிணற்றடியில் நின்றேன். நீ கோட்டைத் தாண்டிக் கட்டிலுக்கு ஓடினாய். அம்மா உன்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். அதை நான் யன்னலால் கண்டேன். நீயும் கண்டிருப்பாய், மறந்திருப்பாய். நீட்டிய கை நடுவில் நின்றது. பிறகு அதே கையை உன் நெஞ்சில் வைத்துத் தள்ளி, “போ! வராதை! போ எண்டுறன்!” என்று கத்தினார். நீ நிலத்தில் விழுந்தாய். விழுந்ததற்கு அழாமல் எழும்பி வெளியே போய்விட்டாய். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் உள்ளே போனபோது, “தொட்டுப்போட்டன். நெஞ்சில கை பட்டுட்டுது. பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?” என்று கேட்டார். செய்யாது என்று நான் உடனே சொல்லியிருக்கலாம். “பாப்பம்” என்றேன். மீற்றரைக் கொண்டுவந்து உன் சட்டையை அளந்தேன். ஒன்றும் காட்டவில்லை. அவருக்குப் போய்ச் சொன்னேன். “அப்பாடா” என்றார். அவ்வளவுதான். அவர் உன்னைத் தள்ளியது பிடிக்காமல் இல்லை. என்னை நம்பி. நான் சொன்னதை உலகத்தில் ஒரே ஒரு ஆள் முழுதாக நம்பினார், அவர் அதற்குக் கொடுத்தது இது.

கடைசிக் கிழமையில் ஒருநாள், “நான் செத்தாப் பிறகும் இது டிக் டிக் எண்டுமோ?” என்று கேட்டார். “சும்மா கதைக்காதையும்” என்றேன். அதற்குப் பிறகு அவர் காலையில் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அளப்பதை நிறுத்தவில்லை. ஒரு வியாழக்கிழமை விடிந்த பிறகு, ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து தலையைத் தூக்கியபோது போய்விட்டார். உன்னை மடியில் வைக்காமலே போனார்.

வாய்க்கரிசி போடும் நேரம் பெண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டுவந்து, உன் கையில் அரிசி வைத்து, கையைப் பிடித்து அம்மாவின் வாயில் போடுவித்தார்கள். உன் விரல் அவர் உதட்டில் பட்டது. ஊர்ச்சனம் முழுக்க நிற்க நான் “காணும், போதும், பிள்ளையை எடுங்கோ” என்று கத்தினேன். ஒருவருக்கும் ஏனென்று விளங்கவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் அப்படியே இருக்கிறது; நாளைக்கும் அப்படித்தான் பார்ப்பார், நீ அவரைக் கோபிக்க வேண்டாம்.

செத்தவீட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் மத்தியானம், மீற்றரைத் திருப்பி ஆலைக்குக் கொண்டுபோக எடுத்தேன். பழக்கத்தில் அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தேன். பொழிந்தது. கட்டிலில் ஆள் இல்லை. மெத்தையில் பொன் ஊறியிருக்கிறது என்று நினைத்து மெத்தையைச் சுருட்டி முற்றத்துக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து அளந்தேன். டிக். கொஞ்சம் பொறுத்து டிக். திரும்ப அறைக்குள் வந்தேன். பொழிந்தது. சத்தம் எங்கே கூடுகிறதென்று பார்த்துக்கொண்டு போனேன். வீடு கழுவியவர்கள் இரண்டு மூட்டையையும் மூலையில் போட்டிருந்தார்கள். அங்கே அது டிக் டிக் என்றுகூட இல்லை, ஒரே இரைச்சல். நான் சவரப் பிளேட்டை எடுத்துக் காக்கித் துணியைக் கிழித்தேன். நீ வாசலில் நின்றிருக்கிறாய், நான் காணவில்லை. “அப்பா, பூனையைக் கொல்லாதேங்கோ!” என்று அலறினாய். தேன் நிற மணல் என் காலடியில் கொட்டியது.

வெறுந்தட்டை நான் வாசலில் அளந்தேன். அளந்திருக்க வேண்டியது அவரில்லாத கட்டிலை. அவரைக் கொஞ்ச நேரம் வெளியே நாற்காலியில் இருத்திவிட்டுக் கட்டிலை அளந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு வெறுந்தட்டுக் கிடைத்தது அவர் செத்த பிறகுதான். பிறகு கொழும்புக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தாளில் நாட்கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் முதலில் அளந்த நாளிலேயே பொன் ஏறக்குறைய முழுக்கத் தேய்ந்து போய்விட்டது, பிள்ளை பக்கத்தில் படுத்து உறங்கியிருக்கலாம் என்றார். அம்மா இருந்திருக்கக்கூடிய நாளில் ஒன்றும் குறையவில்லை என்றும் சொன்னார், ஆறுதலுக்கு. நாட்கள் குறையவில்லை என்பது உண்மை. முதல் நாள் மீற்றரோடு நின்றதிலிருந்து பத்தொன்பது நாள் இருந்தது. பத்தொன்பது நாளும் அவருக்குக் கை இருந்தது, மடி இருந்தது, நீ பத்தடி தூரத்தில் இருந்தாய்.

இந்தமாதிரிக் கடிதங்களில் தகப்பன்மார் புத்தி சொல்வார்கள். என்னிடம் புத்தி கேட்க நியாயமில்லை, ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லுகிறவன் அன்பாகவும் இருந்தால் அவனுக்குப் பயப்படு. அன்பில்லாதவன் பிழைவிட்டால் நீ எதிர்த்து நிற்பாய்; அன்புள்ளவன் பிழைவிட்டால் அவன் சொல்லுக்காக உன் பிள்ளையையே தள்ளிவிடுவாய். உனக்கு மாப்பிள்ளை பேசும்போது படித்தவர், கவனமானவர் என்று சொல்வார்கள். என்னைப் பற்றியும் அம்மாவின் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

உன்னை ஏன் அனுப்புகிறேன் என்றும் நீ கேட்பாய். ஆலை வேலை, பார்க்க ஆளில்லை என்று பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அது காரணமில்லை. உன்னைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த உரிமை எனக்கு எப்படி வந்தது என்று தோன்றுகிறது, இறக்கிவிடுகிறேன். அப்படிப்பட்டவனிடம் பிள்ளை வளரக்கூடாது. காலம் போனால் மாறும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நேற்று, ராத்தா சொன்னதைக் கேட்ட பிறகு, உன்னை முன்னால் இருத்தி உன் வயதுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு உன்னை நல்ல விருப்பம், தூக்கி வைத்திருக்கத்தான் ஆசைப்பட்டவர், அப்பாதான் கூடாதென்று மறித்தவர், அப்பா பிழையாக நினைத்துவிட்டார், அம்மாவைத் தொட்டால் ஒன்றும் செய்திருக்காது என்றேன். நீ கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாகச் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் கேட்டாய். விளங்குதோ என்றேன். ஓம் என்றாய். பிறகு கேட்டாய்:

“அப்ப இனி அம்மாவைத் தொடலாமோ?”

“ஏலாது, மகள்.”

நீ ஏனென்று கேட்கவில்லை. நான் ஏலாது என்று சொன்னபோதெல்லாம் ஆட்டுவதுபோல ஒருதரம் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாய்.

அப்பா